பயிற்சி மாணவர்கள் வந்தால் ஆலைக்கு இடைஞ்சலா? குறிச்சியிலிருந்து ஒரு கேள்வி

2025 ஏப்ரல் 8, காலை (வாசகர் கேள்வி)

கோவை குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டையில் பம்பு உதிரிபாகங்கள் செய்யும் ஆலை நடத்துகிறேன். முப்பது பேருக்குச் சற்று மேல் வேலை செய்கிறார்கள். கோடை விடுமுறை வந்தாலே கல்லூரிகளிலிருந்து உள்ளகப் பயிற்சி (இன்டர்ன்ஷிப்) கேட்டுக் கடிதங்கள் வருகின்றன. மாணவர்கள் வருகிறார்கள், ஓரமாக நிற்கிறார்கள், கைபேசியைப் பார்க்கிறார்கள், கடைசி நாளில் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போகிறார்கள். இதெல்லாம் பெரிய நிறுவனங்களுக்குத்தான் சரிவரும் என்பது என் கருத்து. சிறு ஆலைகள் ஏன் தலையைக் கொடுக்க வேண்டும்?

ஏப்ரல் 8, இரவு (பதில்)

மாணவர்கள் ஓரமாக நிற்பது உண்மை. அதற்கு அவர்களைக் காரணம் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. கோவையில் ஒரு பம்பு ஆலையின் உற்பத்திப் பிரிவில் நெடுங்காலம் இருந்தேன். பயிற்சி மாணவர்களைக் கவனிக்கும் பொறுப்பும் அங்கே என்னிடம் இருந்தது. முதல் நாள் அவர்கள் உள்ளே வரும் விதத்தை எண்ணிப் பாருங்கள். வாயிலில் பெயர் எழுதுகிறார்கள், அலுவலகத்தில் படிவம் நிரப்புகிறார்கள். பிறகு யாரோ ஒருவர் அவர்களை மெஷின் ஷாப்புக்கு அழைத்துப் போய், அன்றைய இலக்கை எப்படி முடிப்பது என்ற கவலையில் இருக்கும் சூப்பர்வைசரிடம், "ரெண்டு பசங்க வந்திருக்காங்க, பாத்துக்குங்க" என்று விட்டுவிட்டு வருகிறார். சூப்பர்வைசரும் நல்ல மனிதர்தான். "சும்மா சுத்திப் பாருங்க தம்பி" என்கிறார். அடுத்த நான்கு வாரமும் சுற்றிப் பார்ப்பதிலேயே கழிந்துவிடுகிறது.

ஒரு பயிற்சித் திட்டத்துக்கு ஆகும் பெரிய செலவு உதவித்தொகையோ மதியச் சாப்பாடோ அன்று, கற்றுத்தருபவரின் நேரம்தான். அந்த நேரத்தை உற்பத்தித் திட்டத்திலேயே கழித்துக் கொடுக்காத ஆலையில், மற்ற எல்லா ஏற்பாடும் இருந்தாலும் பயிற்சி நடக்காது. பொறுப்பேற்கும் சூப்பர்வைசருக்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்தை ஒதுக்கி, அதற்கு ஈடான எண்ணிக்கையை அவருடைய இலக்கிலிருந்து குறைத்து, அந்தக் குறைப்பை எழுத்தில் கொடுக்க வேண்டும். மாதக் கடைசியில் "இலக்கு ஏன் முடியவில்லை" என்று அவரைக் கேட்கும் அதே நிர்வாகம், "மாணவர்களுக்கு ஏன் சொல்லித் தரவில்லை" என்றும் கேட்க முடியாது.

இந்த ஒரு மணி நேரத்தை உங்களால் தர முடியாதென்றால் இந்த ஆண்டு யாரையும் எடுக்க வேண்டாம். கல்லூரிக்கு மறுப்புக் கடிதம் எழுதுவது, மாணவரை வரவழைத்து நிற்க வைப்பதைவிட நேர்மையானது.

ஏப்ரல் 9

என்ன வேலை கொடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆலைக்கு உண்மையாகவே பதில் தேவைப்படுகிற, ஆனால் நாளைய டெஸ்பாட்ச் அதை நம்பி நிற்காத ஒரு கேள்வியைக் கொடுங்கள். இந்த இரண்டாவது நிபந்தனையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அவசர வேலையைக் கொடுத்தால், மாணவர் தடுமாறும் முதல் நிமிடத்திலேயே அனுபவசாலி ஒருவர் அதைக் கையிலிருந்து பிடுங்கிக்கொள்வார்.

எங்கள் ஆலையில் நடந்ததைச் சொல்கிறேன். பம்பின் சுழல் தண்டான ஷாஃப்டில் பேரிங் உட்காரும் இடத்தின் விட்டம் அவ்வப்போது அளவு தவறி, துண்டுகள் ரிஜெக்ட் ஆகிக்கொண்டிருந்தன. காரணம் பற்றி ஆளுக்கு ஒரு கருத்து இருந்தது. அளந்து எழுதிய ஆதாரம் யாரிடமும் இல்லை. பாலிடெக்னிக் மாணவர் ஒருவரிடம் மைக்ரோமீட்டரையும் வரைபடத் தாளையும் கொடுத்து, கணினிக் கட்டுப்பாட்டில் ஓடும் ஒரே சி.என்.சி. மெஷினில் மணிக்கு ஐந்து துண்டுகளை அளந்து குறிக்கச் சொன்னோம். முதல் நாள் முழுவதும் மைக்ரோமீட்டரைச் சரியாகப் பிடிக்கவே பழகினார். ஒரே துண்டை மூன்று முறை அளந்தால் மூன்று அளவு வந்தது. அதைத் திருத்தித் தந்தது சூப்பர்வைசரின் அந்த ஒரு மணி நேரம். வாரக் கடைசியில் தாளைச் சுவரில் ஒட்டிப் பார்த்தபோது, உணவு இடைவேளைக்குப் பிறகு வரும் முதல் சில துண்டுகள் மட்டும் திரும்பத் திரும்ப விலகி நிற்பது தெளிவாகத் தெரிந்தது. நின்றிருந்த நேரத்தில் மெஷின் ஆறிவிடுகிறது. ஸ்பிண்டில் என்னும் சுழல் அச்சு பழைய சூட்டுக்கு வரும்வரை அளவு நகர்கிறது. பழைய ஆப்பரேட்டருக்கு இது கைப்பழக்கமாகத் தெரியும், அதனால் அவர் முதல் துண்டை அளந்து மெஷினில் பதிந்த ஆஃப்செட்டை (அளவுத் திருத்தத்தை) மாற்றிக்கொள்வார். இரவு ஷிஃப்டுக்குப் புதிதாக வந்தவருக்கு அதை யாரும் சொல்லியிருக்கவில்லை. இடைவேளைக்குப் பின் சில நிமிடங்கள் மெஷினை வெறுமனே ஓடவிட்டு, முதல் துண்டை அளந்த பிறகே தொடர வேண்டும் என்ற குறிப்பு அந்த மாணவரின் கையெழுத்திலேயே மெஷினில் ஒட்டப்பட்டது.

இதற்குப் பெரிய நிறுவனம் தேவைப்படவில்லை. ஒரு கேள்வியும், அளக்கும் கருவி ஒன்றும், அருகில் நின்று திருத்த ஒருவரும் போதுமானவையாக இருந்தன. உங்கள் ஆலையில் இத்தகைய கேள்விகள் குறைந்தது பத்து இருக்கும். வந்து இறங்கும் காஸ்டிங்கில் (வார்ப்புத் துண்டுகளில்) எந்தக் குறை அதிகம், பம்பின் சுழல் சக்கரமான இம்பெல்லரைச் சமன்செய்வதில் எவ்வளவு நேரம் காத்திருப்பில் போகிறது, எந்த கேஜ் (அளவுக் கருவி) தேய்ந்திருக்கிறது. முதலில் இவற்றை எழுதி வைத்துவிட்டு, அதன் பிறகு எத்தனை மாணவர்கள் வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்.

ஏப்ரல் 11

பேக்கிங்கில் ஆள் குறையும்போது மாணவர்களை உட்கார வைக்கலாமா என்று ஒருவர் கேட்கிறார். ஒரு நாள் உட்காரலாம். பேக்கிங்கில்தான் வாடிக்கையாளர் பார்க்கும் பொருள் தெரியும், அதனால் அதிலும் கற்க இருக்கிறது. அதே இடத்தில் இரண்டாவது வாரமும் அவர் உட்கார்ந்திருந்தால் அது கூலி கொடுக்காமல் வாங்கிய வேலை.

ஏப்ரல் 15

பாதுகாப்பு பற்றி இதுவரை யாரும் கேட்கவில்லை. இதை முதல் நாளின் முதல் வேலையாகவே வைக்க வேண்டும்.

பாலிடெக்னிக்கில் பத்தாம் வகுப்பு முடித்தே சேர்கிறார்கள். ஆகவே உங்கள் வாயிலுக்கு வரும் மாணவருக்குப் பதினெட்டு வயது நிரம்பியிருக்கிறதா என்று பார்ப்பது உங்கள் கடமை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், ஆபத்தான இயந்திரங்களில் அந்த வயதுக்குக் குறைந்தவர்களை, ஆபத்துகளை முழுமையாக விளக்காமலும் போதிய பயிற்சியோ மேற்பார்வையோ இல்லாமலும் ஈடுபடுத்தக் கூடாது என்றது. அதே சட்டம் தொழிலாளர் யார் என்று சொல்லும்போது, ஊதியம் பெறுகிறாரா இல்லையா என்பதைப் பொருட்டாகக் கொள்ளவில்லை. "அவர் மாணவர்தானே, சம்பளம் கொடுக்கவில்லையே" என்ற பேச்சு விபத்து நடந்த மறுநாள் எங்கும் எடுபடாது. விபத்துக் காப்பீடு கல்லூரியின் பெயரில் இருக்கிறதா, எந்தத் தேதிவரை இருக்கிறது என்று பாலிசியின் நகலை வாங்கிப் பாருங்கள்; இல்லையென்றால் நீங்களே எடுத்துவிடுங்கள்.

மெஷின் ஷாப்பில் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டியவை எளிய விஷயங்கள். அவை எளியவை என்பதாலேயே சொல்லாமல் விடப்படுகின்றன. சுழலும் லேத்தின் அருகில் கையுறை அணியக் கூடாது. பாதுகாப்புக்கு என்று நல்லெண்ணத்தில் கொடுக்கப்படும் கையுறையே கையை உள்ளே இழுத்துவிடும். துண்டைப் பிடிக்கும் சக்கின் சாவியைச் சக்கிலேயே விட்டுவிட்டு நகரக் கூடாது. சுருள் சீவலைக் கையால் எடுக்கக் கூடாது, கொக்கியால் இழுக்க வேண்டும். துப்பட்டா, நீண்ட முடி, கையில் கட்டிய கயிறு, மோதிரம் ஆகிய அனைத்துக்கும் வாயிலிலேயே தீர்வு காண வேண்டும். பாதுகாப்புக் காலணியை மாணவரே வாங்கி வரட்டும் என்று விட்டால் பாதிப்பேர் செருப்பில் நிற்பார்கள். பல அளவுகளில் சில ஜோடிகளை ஆலையே வாங்கி வைத்தால் ஆண்டுதோறும் உதவும்.

ஏப்ரல் 22

பணம்.

சான்றிதழுக்கு மாணவரிடம் கட்டணம் வாங்கும் இடங்கள் பெருகிவிட்டன. தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் குழு (ஏ.ஐ.சி.டி.இ.) 2018ஆம் ஆண்டின் மாதிரிப் பாடத்திட்டத்தில் உள்ளகப் பயிற்சியைப் பட்டப்படிப்பின் பகுதியாக்கியது நல்ல நோக்கத்தோடுதான். ஆனால் இடம் தரும் ஆலைகள் அதே வேகத்தில் கூடவில்லை. அந்த இடைவெளியில், பணம் கட்டினால் இரண்டு வாரத்துக்கான சான்றிதழை முன்கூட்டியே தட்டச்சு செய்து தருகிறவர்கள் கடை விரித்துவிட்டார்கள். என் உறவில் ஒரு பெண் இப்படிப் பணம் கட்டிவிட்டுப் போய், ஒரு வாடகை அறையில் அச்சிட்ட பாடக் குறிப்பைப் படித்துவிட்டு வந்தாள். விவசாயக் குடும்பம், அந்தப் பணம் அவர்களுக்குப் பெரியது. ஆலை நடத்துகிற நாம் கதவைச் சாத்திக்கொள்ளும் ஒவ்வொரு முறையும் அந்தக் கடைக்கு ஒரு மாணவரை அனுப்பிவைக்கிறோம் என்பதே இதில் எனக்குள்ள வருத்தம்.

கொடுக்க வேண்டியது எவ்வளவு என்று கேட்கிறீர்கள். குறைந்தபட்சம், உங்களிடம் வந்து போவதால் மாணவர் ஒரு ரூபாய்கூட இழக்கக் கூடாது. பேருந்துச் செலவு, மதிய உணவு, வெளியூர்க்காரராக இருந்தால் தங்கும் செலவில் ஒரு பங்கு. நான்கு வாரத்துக்கு மேல் நீடித்து, உங்கள் வேலையில் ஒரு பகுதியை அவர் செய்யத் தொடங்கிவிட்டால் உதவித்தொகை கட்டாயம் என்பது என் நிலைப்பாடு. இதில் அமெரிக்காவில் பின்பற்றும் அளவுகோல் எனக்குப் பயனுள்ளதாகத் தோன்றுகிறது. லாப நோக்குள்ள நிறுவனங்களில் ஊதியமில்லாப் பயிற்சி செல்லுமா என்பதில், 2015இல் அங்குள்ள ஒரு கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த ஏற்பாட்டால் முதன்மையாகப் பயனடைவது யார் என்று பார்க்கச் சொன்னது. 2018 ஜனவரியில் தொழிலாளர் துறையும் அதையே ஏழு கூறுகளாகப் பிரித்து ஏற்றுக்கொண்டது. மாணவரின் வேலை, சம்பளத் தொழிலாளரின் இடத்தை நிரப்புகிறதா, அல்லது அவருக்குக் கல்வியைத் தந்துகொண்டே அந்த வேலைக்குத் துணையாக நிற்கிறதா என்பது அந்த ஏழில் ஒன்று. நம் சட்டம் வேறு. ஆனாலும் சம்பளப் பட்டியலுக்கு முன் உட்கார்ந்திருக்கும் முதலாளி தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள இதைவிட நேரடியான கேள்வி கிடைக்காது.

மே 3

இரண்டு திட்டங்களைக் குழப்பிக்கொண்டு பலர் எழுதுவதால் பிரித்துச் சொல்லிவிடுகிறேன்.

2024 அக்டோபரில் தொடங்கிய பிரதமர் உள்ளகப் பயிற்சித் திட்டம், படித்துக்கொண்டிருக்கும் மாணவர்களுக்கானது அன்று. தொடங்கியபோது இருந்த விதிப்படி, 21 முதல் 24 வயதுக்குள், முழுநேரப் படிப்பிலும் முழுநேர வேலையிலும் இல்லாதவர்களுக்கானது. பன்னிரண்டு மாதம் நடந்தது. மாதம் 5,000 ரூபாயில் 4,500 அரசும் 500 நிறுவனமும் தந்தன. பங்கேற்பவை பெருநிறுவனங்கள். உங்களைப் போன்ற உதிரிபாக ஆலைக்கு, உங்களிடம் வாங்கும் பெருநிறுவனம் தன் விநியோகச் சங்கிலியில் இடம் ஒதுக்கினால் மட்டுமே வழியுண்டு. அதில் எனக்குப் பிடித்த விதி ஒன்று இருக்கிறது: பயிற்சிக் காலத்தில் பாதியாவது வகுப்பறையில் அல்லாமல் உண்மையான வேலைச் சூழலில் கழிய வேண்டும்.

தொழிற்பழகுநர் (அப்ரண்டிஸ்) பயிற்சி 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வருவது. ஒப்பந்தத் தொழிலாளர்களையும் சேர்த்து முப்பது பேரும் அதற்கு மேலும் உள்ள ஆலைகள் தம் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 விழுக்காடுவரை தொழிற்பழகுநர்களை எடுத்தாக வேண்டும். முப்பதுக்குச் சற்று மேல் என்று நீங்கள் சொன்னதால் இந்தக் கடமை உங்களுக்கும் உண்டு. 2019ஆம் ஆண்டுத் திருத்தப்படி குறைந்தபட்ச உதவித்தொகை பட்டதாரிக்கு 9,000, பட்டயதாரிக்கு 8,000 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. தேசியத் தொழிற்பழகுநர் திட்டத்தின் வழியாக எடுத்தால் குறைந்தபட்சத் தொகையில் பாதியை மத்திய அரசு ஏற்கும். தென் மாநிலங்களுக்கான தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது.

கோடையில் வரும் மாணவர் இந்த இரண்டிலும் சேராதவர். அவருக்கு அரசு விதித்த சட்டகம் குறைவு என்பதால் ஆலையின் மனச்சான்றுக்கு வேலை அதிகம். ஆனால் மூன்றையும் தொடர்ச்சியாகப் பார்க்கும் ஆலைகள் பயனடைகின்றன: இரண்டாம் ஆண்டுக் கோடையில் வந்து போன மாணவரையே படிப்பு முடிந்ததும் ஓராண்டுத் தொழிற்பழகுநராக எடுத்து, பிறகு வேலையும் கொடுக்கலாம். அவருக்கு உங்கள் ஆலையும் உங்களுக்கு அவரும் ஏற்கெனவே பழக்கம்.

மே 19

நான்கு வாரம் போதுமா என்ற விவாதம் வளர்ந்துவிட்டது. போதாது என்பதே வெகுகாலம் என் நினைப்பாக இருந்தது. ஃபவுண்டரி (வார்ப்பாலை) நடத்தும் வாசகர் ஒருவர், இரண்டே வாரத்தில் மணலின் ஈரப்பதத்தையும் காஸ்டிங்கில் விழும் ஊதுதுளைகளையும் ஒப்பிட்டு மாணவர்கள் செய்த வேலையை விவரித்திருப்பதைப் படித்த பிறகு அந்த நினைப்பைத் தளர்த்திக்கொள்கிறேன். கேள்வி சிறியதாகவும் கூர்மையாகவும் இருந்தால் இரண்டு வாரமும் போதும். கேள்வி இல்லையென்றால் ஆறு மாதமும் போதாது.

ஆனாலும் நீண்ட பயிற்சிக்கு ஈடில்லை. தமிழ்நாட்டின் பாலிடெக்னிக்குகளில் சாண்ட்விச் பட்டயப் படிப்பு மூன்றரை ஆண்டு. அதில் இரண்டு அரையாண்டுகளைத் தொழிற்சாலையில் கழிக்கிறார்கள். அப்படி வருகிறவர்கள் இரண்டாவது மாதத்தில் கேள்வி கேட்கத் தொடங்குவார்கள், மூன்றாவது மாதத்தில் பயனுள்ளவர்கள் ஆகிவிடுவார்கள். வசதிப்பட்டால் அந்தக் கல்லூரிகளையே முதலில் அணுகுங்கள். கல்லூரியும் தொழிற்சாலையும் ஒரே வளாகத்தில் இயங்குவதைப் பார்த்து வளர்ந்த ஊர் இது. 1926இல் தொடங்கிய பி.எஸ்.ஜி. தொழிற்கூடம் பம்புகளும் மோட்டார்களும் செய்துவந்தது. 1951இல் வந்த பொறியியல் கல்லூரியின் மாணவர்கள் அதன் பக்கத்திலேயே படித்தார்கள். நம் ஊருக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டிய விஷயம் அன்று இது.

அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் 1906இல் ஹெர்மன் ஷ்னைடர் 27 மாணவர்களோடு தொடங்கிய முறையில் நாம் எடுத்துக்கொள்ளக்கூடிய நுட்பம் ஒன்று உண்டு. மாணவர்களை இரண்டு இரண்டு பேராகப் பிரித்து, ஒருவர் வகுப்பில் இருக்கும்போது மற்றவர் ஆலையில் இருப்பார், அடுத்த வாரம் மாறிக்கொள்வார்கள். ஆலையின் வேலை நிற்காது, விட்ட இடத்தை ஒருவர் மற்றவருக்குச் சொல்லியாக வேண்டும். வாராவாரம் மாற்றுவது நமக்கு ஒத்துவராது. ஆனால் அடுத்தடுத்து வரும் இரண்டு மாணவர்களை ஒரே கேள்வியில் போட்டு, முதலாமவர் போகும் முன் இரண்டு நாள் இருவரும் சேர்ந்து இருக்கும்படி தேதிகளை அமைப்பது எந்த ஆலைக்கும் முடியும். முதலாமவரின் குறிப்பேடு எவ்வளவு தெளிவானது என்பது அந்த இரண்டு நாளில் வெளிப்பட்டுவிடும்.

ஜூன் 7

மாணவிகளை எடுக்கத் தயங்குவதாக மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். கழிப்பறை இல்லை, ஷிஃப்ட் ஒத்துவராது, பொறுப்பு யார் ஏற்பது என்று காரணங்கள். கழிப்பறை இல்லையென்றால் கட்டுங்கள். மாணவர்களைப் பகல் ஷிஃப்டில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், ஆணானாலும் பெண்ணானாலும். பொறுப்பைப் பொறுத்தவரை 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் பயிற்சி பெறுபவரையும் தொழிற்பழகுநரையும் பெயர் சொல்லியே உள்ளடக்குகிறது. பத்து பேர் வேலை செய்யும் இடத்திலேயே புகார்க் குழு இருந்தாக வேண்டும். அந்தக் குழுவில் இருப்பவர்கள் யார், எந்த எண்ணில் அழைப்பது என்று முதல் நாளே எல்லா மாணவர்களுக்கும் சொல்லிவிடுங்கள். பொறியியல் வகுப்புகளில் பெண்கள் நிறைந்திருக்கும்போது அவர்களை ஒதுக்கிவிட்டு நல்ல ஆள் கிடைக்கவில்லை என்று சொல்வதில் நியாயம் இல்லை.

ஜூன் 28

ஒவ்வொரு சனிக்கிழமையும் அரை மணி நேரம் உட்காருங்கள். மாணவர், சூப்பர்வைசர், முடிந்தால் முதலாளி. மாணவர் தம் குறிப்பேட்டைத் திறந்து, இந்த வாரம் என்ன அளந்தேன், என்ன புரியவில்லை என்று சொல்ல வேண்டும். தமிழில் சொல்லட்டும். ஆங்கிலத்தில் பவர்பாயின்ட் போடச் சொன்னால் இணையத்தில் கிடைக்கும் பம்பின் வரலாற்றிலிருந்து தொடங்குவார்கள், உங்கள் ஆலையின் பெயர் கடைசிப் பக்கத்தில்தான் வரும். அவர் கண்டுபிடித்தது சரியென்றால் அதைச் செய்துபாருங்கள், தவறென்றால் ஏன் தவறு என்று அவரிடமே விளக்குங்கள். கேட்டுவிட்டுக் கோப்பில் போடுவதுதான் எல்லாவற்றிலும் கெட்டது.

சூப்பர்வைசரையும் மறக்க வேண்டாம். எங்களிடம் ஆண்டு மதிப்பீட்டுப் படிவத்தில் மாணவர்களுக்குக் கற்றுத்தந்ததற்கென ஒரு பகுதியைச் சேர்த்த பிறகு, அதுவரை தயங்கியவர்கள் தாமாகவே பெயர் கொடுத்தார்கள். வைண்டிங் பிரிவில் இருந்த ஒரு பெரியவர், ஐ.டி.ஐ. கூடப் படிக்காதவர், பொறியியல் மாணவர்களுக்கு சப்மெர்சிபிள் மோட்டாரின் சுருளை விரலால் தடவிக் குறையைக் கண்டுபிடிக்கச் சொல்லிக்கொடுப்பார். அந்த மோட்டாருக்கான ஐ.எஸ். 9283 என்னும் இந்தியத் தர விதிகளைப் படித்துவிட்டு வந்த மாணவர்கள், அதிலுள்ள சோதனைகளில் மோட்டார் எதனால் தோற்கிறது என்பதை அவர் கையருகே நின்றுதான் புரிந்துகொண்டார்கள். இப்படி ஒருவர் உங்கள் ஆலையிலும் இருப்பார். பதவியைப் பார்க்காமல் அவரைத் தேடிப் பொறுப்பைக் கொடுங்கள்.

ஜூலை 12

கேள்வி கேட்ட குறிச்சி நண்பர் இரண்டு மாணவர்களை எடுத்துவிட்டதாகவும், காஸ்டிங் வரவில் உள்ள குறைகளைப் பதிவு செய்யும் வேலையைக் கொடுத்திருப்பதாகவும் எழுதியிருக்கிறார். மகிழ்ச்சி. அவருடைய கடைசி இரண்டு கேள்விகளுக்குப் பதில்.

வாடிக்கையாளரின் வரைபடம் வெளியே போய்விடுமோ என்ற அச்சம் நியாயமானது. மாணவரின் அறிக்கைக்குத் தேவையான அளவுகளை மட்டும் தனித் தாளில் எழுதிக் கொடுங்கள், வாடிக்கையாளர் பெயரும் பாக எண்ணும் அதில் வேண்டாம். ஷாப்புக்குள் படம் எடுக்கக் கூடாது என்ற விதியை மாணவருக்கு மட்டும் போடாமல் எல்லோருக்கும் போடுங்கள்.

சான்றிதழில் "நன்னடத்தையுடன் பயிற்சியை முடித்தார்" என்ற ஒற்றை வரி போதாது. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, எந்தப் பிரிவில், என்ன கேள்வியை எடுத்துக்கொண்டார், எந்தக் கருவிகளைத் தாமாகக் கையாளுவார், யார் மேற்பார்த்தார் என்று எழுதுங்கள். கையெழுத்து மனிதவள அலுவலருடையது மட்டுமாக இல்லாமல், அந்தச் சூப்பர்வைசருடையதும் இருக்கட்டும். வேலைக்கு எடுப்பவர் யாராவது அதைப் பார்த்துத் தொலைபேசியில் அழைத்தால் பதில் சொல்லத் தெரிந்தவர் அவர்தான்.

அடுத்த கோடைக்கு எடுக்க நினைக்கிறவர்கள் ஜனவரியிலேயே கல்லூரியின் வேலைவாய்ப்பு அலுவலருக்கு எழுதிவிடுங்கள். கடிதத்தில் கேள்வியையும் எழுதுங்கள். அதைப் படித்துவிட்டு விரும்பி வருகிறவர் வரட்டும்.